இடது பக்க ஜன்னல்

ரோவெரேடோ,
9 பிப்ரவரி 1986

லூட்ஸிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. என் வீட்டுக்காரர் ஆல்டோ கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். என் கம்பளி நூல் கடையும் ஏதோ ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை பன்னிரண்டாம் தேதி எனக்கு அறுபது வயது. என்ன வேண்டும் என்று ஆல்டோ கேட்டார். யோசிக்காமலேயே வாயில் வந்துவிட்டது: "ஒரு நாள் முழுக்க ஜன்னலோரம் சும்மா உக்காந்துட்டு வரணும். தனியா." அவர் சிரித்தார். "ஏன், என் கார்ல ஜன்னல் இல்லியா?" இருக்கிறது. அவர் ஓட்டுகிற வேகத்துக்கு அதில் தெரிவதெல்லாம் லாரிகளின் விலாப்புறம்தான்.

பெல்லின்சோனாவில் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்குப் போய் விசாரித்தேன். நாற்பது பேரோடு ஏற்றி, கொடி பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் நடக்க விடுவார்களாம். பால் மாடுகூட அப்படிப் போகாது. எனக்கு வேண்டியது சாதாரண பஸ், சாதாரண ரயில், முடிந்தால் ஒரு படகு. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு. வழியெல்லாம் கண்ணுக்கு நிறைய இருக்க வேண்டும்.

இதை எப்படிக் கோப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் இந்த நாட்டில் எனக்கு ஒருவன்தான். அண்ணன் என்று கேட்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தின் மஞ்சள் ரயில், பஸ் அட்டவணைப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிற ஆசாமி என்ற முறையில் கேட்கிறேன். வழி மட்டும் எழுது. வேறெதையும் எழுதாதே.

போன் செய்யாதே. செய்தால், இத்தனை வருஷமாகச் செய்ததைப் போலவே வைத்துவிடுவேன்.

நேசா


நூஃபனன்,
20 பிப்ரவரி

நேசாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தலையணைக்கடியில் அல்ல, தலைமாட்டில். அந்தப் புத்தகத்தின் கனத்துக்குத் தலையணைக்கடியில் வைத்தால் கழுத்து போய்விடும்.

வழி மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று: காலை பஸ்ஸில் பெல்லின்சோனா. அங்கிருந்து ரயிலில் லொகார்னோ. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நீல நிறத்தில் ஒரு சின்ன ரயில் நிற்கும். அதில் இடது பக்கம் உட்கார். இடது பக்கம் என்றால் போகிற திசைக்கு இடது. நீ எப்போதும் குழப்பிக்கொள்வாய். ஆறு உனக்குக் கீழே, ரொம்பக் கீழே ஓடும். இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கைக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். பாலத்தின்மேல் போகும்போது ரயிலின் சத்தம் சட்டென்று இல்லாமல் போய்விடும், காற்றில் நிற்பது போலிருக்கும். கஷ்கொட்டைக் காடு முடிகிற இடத்தில் இத்தாலி. டோமோடோசோலாவில் காப்பி குடி, ரொம்ப நன்றாக இருக்கும். பிறகு பிரிக், ஆண்டர்மாட், கோட்ஹார்ட் வழியாகச் சுற்றி வீடு.

இரண்டு: ஏரியில் படகு. லொகார்னோவிலிருந்து தெற்கே. மேல்தளத்தில், புகைபோக்கிக்கு முன்னால் உட்கார். தண்ணீருக்குள் தலைகீழாக ஊர்கள் இருக்கும். படகு ஒவ்வொரு ஊரிலும் தொட்டுத் தொட்டுப் போகும். அவசரப்பட்ட படகை நான் பார்த்ததில்லை.

மூன்று: லுகானோவிலிருந்து பஸ்ஸில் டிரானோ. அங்கிருந்து சிவப்பு ரயில் மேலே ஏறும். ஒரு வட்டப் பாலத்தில் தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு திரும்பும். மேலே பால் வெள்ளையாக ஓர் ஏரி, ஜூலையிலும் ஓரத்தில் பனி மிதக்கும். இறங்கினால் சாங்க்ட் மோரிட்ஸ். அங்கிருந்து மஞ்சள் பஸ், மாலோயா வளைவுகளில் கீழே, மறுபடி லுகானோ. வீடு சேர நன்றாக இருட்டிவிடும் என்பதுதான் ஒரே குறை.

ஆனால் பழைய புத்தகத்தை நம்பி நேரம் குறிக்காதே. மே மாதக் கடைசியில் புதிய புத்தகம் வரும். அதைப் பார்த்து நான் நேரம் எழுதி அனுப்புகிறேன்.

லூட்ஸி


ரோவெரேடோ,
5 மார்ச்

லூட்ஸிக்கு,

மூன்று வழிகளிலும் போய்விட்டு வந்துவிட்டேன். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியேதான். மழை பெய்துகொண்டிருந்தது, ஆள் வரவில்லை. முந்தாநாள் அந்த நீல ரயிலில் பாலத்தின்மேல் நான் இருக்கும்போது ஒருத்தி உள்ளே வந்து, "குழந்தைக்கு தொப்பி பின்ன நூல் குடுங்க" என்றாள். பச்சைக்குப் பதிலாக நீலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நேற்று வந்து கடிந்துகொண்டாள். அவளிடம் நான் இத்தாலியில் இருந்தேன் என்றா சொல்ல முடியும்?

நீ நன்றாகத்தான் எழுதுகிறாய். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் இப்படித்தான், பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கணக்கு மட்டும் வராது.

ஆனால் வாத்தியாரே, நேற்றுச் சாயங்காலம் வரைபடத்தை மேசையில் விரித்துப் பென்சிலால் உன் வழிகளைக் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்று மேற்கே போய்ச் சுற்றுகிறது. ஒன்று தெற்கே. ஒன்று கிழக்கே. மூன்று கோடும் சேர்ந்து நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? நூஃபனன் இருக்கிறது. உன் வீடு இருக்கிறது. நாட்டையே சுற்றிக் காட்டுகிறாய், வீட்டு வாசல் பக்கம் மட்டும் வர விடமாட்டேன் என்கிறாய்.

நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன். நீ ஏன் வர விடவில்லை என்று கேட்கிறேன். இரண்டும் வேறு.

நேசா


நூஃபனன்,
22 மார்ச்

நேசாவுக்கு,

வழி மட்டும் எழுதச் சொன்னாய். எழுதினேன். எழுதாத வழியைப் பற்றி ஏன் கேட்கிறாய்?

அழகான வழிகளில் நான்காவது ஒன்று உண்டு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் சான் பெர்னார்டினோ, அங்கே சின்ன பஸ்ஸுக்கு மாறி, மலையைக் குடைந்த சுரங்கப்பாதைக்குள் போகாமல் பழைய பாதையில் கணவாய்க்கு மேலே, ஏரிக்கரைச் சத்திரம், பிறகு இந்தப் பக்கம் இறக்கம். எங்கள் பயண ஆர்வலர் சங்கத்துக் கூட்டத்தில் யாராவது கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன். உனக்குச் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொன்னேன், போதும்.

இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரைக்கும் நிற்கிறது. பாதை திறக்க ஜூன் ஆகும். பக்கத்து வீட்டு ட்ரெப் அம்மா உன்னை விசாரித்தாள். கடிதம் வந்தது என்றேன். "யாரு செத்தாங்க?" என்றாள்.

லூட்ஸி


ரோவெரேடோ,
13 ஏப்ரல்

லூட்ஸிக்கு,

"ஒரு தடவை சொன்னேன், போதும்." எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய்! இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று வாரமாகப் பொருமிக்கொண்டிருக்கிறேன். இனி அடக்கமாட்டேன்.

ஆமாம், ஒரு தடவை சொன்னாய். எழுபத்தொன்பது செப்டம்பர். அம்மா படுக்கையில். நான் கேட்டேன், "சுரங்க பஸ்ல உடனே வந்துடட்டுமா?" நீ போனில் என்ன சொன்னாய்? "அவசரம் இல்ல, மேல வழியா வா. இடது பக்கம் உக்காரு." டாக்டர் ஒரு வாரமாவது தாங்கும் என்கிறார் என்றாய். நான் நம்பினேன். உன் புத்தகத்தை நம்பாமல் யாரை நம்புவேன்?

சத்திரத்தைத் தாண்டி இறங்கும்போது முன்னால் மாடுகள். மலை மேய்ச்சல் முடிந்து ஊருக்கு இறக்குகிற நாள் அது. ஒவ்வொன்றுக்கும் கொம்பில் காகிதப் பூ, கழுத்தில் பானை அளவுக்கு மணி. முன்னால் போன மாட்டுக்கு நெற்றியில் கண்ணாடி கட்டியிருந்தார்கள். பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார், மலைப்பாதை பஸ்களுக்கே உரிய அந்த மூன்று சுரத்தையும். மாடு ஒன்று நின்று திரும்பி அதே சுருதியில் பதிலுக்குக் கத்தியது. பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தேன் லூட்ஸி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கட்டிலருகே மெழுகுவத்தி எரிகிறது.

சுரங்கத்தில் வந்திருந்தால் அவள் கையைப் பிடித்திருப்பேன். உன் அழகான வழியால் நான் மாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைக் கல்லறைத் தோட்டத்திலேயே உன்னிடம் சொன்னேன். நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். ஒரு "மன்னிச்சுடு" இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை.

எனக்கு வழியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நேசா


நூஃபனன்,
4 மே

நேசாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

"மேல வழியா வா" என்று போனில் சொன்னது நான். சொல்லச் சொன்னது அம்மா.

முந்தின நாள் சாயங்காலம் அவள் கேட்டாள், "நேசா எதுல வர்றா?" சுரங்க பஸ் என்றேன். "வேண்டாம்டா. அதுல ஒண்ணும் தெரியாது. மேல வரச் சொல்லு. அவ கட, புருஷன், புள்ளைங்கன்னு ஓடிட்டே இருக்கா. ஒரு நாளாவது ஜன்னலோரம் சும்மா உக்காந்துட்டு வரட்டும்." பிப்ரவரியில் உன் கடிதத்தைப் பிரித்தபோது இதே வார்த்தைகள். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

மறுநாள் காலையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பார்லி சூப் கொஞ்சம் குடித்தாள். பிறகு, "இப்ப எங்க இருப்பா?" என்றாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"மெசோக்கோ கோட்டையத் தாண்டுறாம்மா."

"இப்ப?"

"சான் பெர்னார்டினோ. பஸ் மாறுறா."

"எந்தப் பக்கம் உக்காந்திருக்கா?"

"இடது பக்கம். சொல்லியிருக்கேன்."

"அவ இடது வலது தெரியாதவ."

"ஓட்டுநர் பாத்துப்பாரும்மா."

சத்திரத்தில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும் இல்லையா, அதைச் சொன்னேன். எல்லாரும் காப்பி குடிக்கிறார்கள் என்றேன். "அவ குடிக்கிறாளா?" குடிக்கிறாள், கூட ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டாள் என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு. "கேக்குனா விடமாட்டா." ஏரியில் மேகம் விழுந்திருக்கிறது என்றேன். கரையெல்லாம் பஞ்சுப் புல் வெள்ளையாக ஆடுகிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிறகு இறக்கம். ஒவ்வொரு வளைவுக்கும் அந்த ஹாரனை நான் வாயாலேயே அடித்தேன். ஐம்பத்தைந்து வயது வாத்தியார், மூன்று சுரம். முதல் வளைவில் சிரித்தாள். இரண்டாவதில் என் விரலைப் பிடித்தாள். அப்புறம் அவள் "இப்ப?" என்று கேட்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உன்னை ஹின்டர்ரைன் ஊர் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அதனால் அவள் கை பிடிக்க ஆளில்லாமல் போகவில்லை. அவள் உன்னோடு பஸ்ஸில்தான் இருந்தாள். மாடுகள் மட்டும் என் புத்தகத்தில் இல்லை, அதனால் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ சிரித்தது தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவள் கேட்க ஆசைப்பட்டது அதுதான்.

கல்லறைத் தோட்டத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கொதித்துக்கொண்டிருந்தாய். அம்மாதான் சொன்னாள் என்று சொன்னால் அந்தக் கோபம் அவள்மேல் போய் விழும். மண் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவள்மேல் எப்படி அதைப் போடுவது? என்மேல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தாங்க முடியும் என்று நினைத்தேன். அவ்வளவு நன்றாகத் தாங்கவில்லை.

லூட்ஸி


ரோவெரேடோ,
15 ஜூன்

அண்ணா,

கடிதம் கிடைத்தது. சில நாள் கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று ஆல்டோ எல்லாரிடமும் சொல்லிவிட்டார், நல்லவர். அதைப் பற்றி இன்னும் எனக்கு எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

பாதை திறந்துவிட்டது என்று நேற்று வானொலியில் சொன்னார்கள். ஜூலை பன்னிரண்டு சனிக்கிழமை. நான்காவது வழியில் வருகிறேன். ஆனால் சத்திரம் வரைக்கும்தான். வீட்டுக்கு வரமாட்டேன். அந்த அறைக்குள் போகிற தெம்பு எனக்கு இல்லை. நீயும் என்னைக் கூட்டிப்போக இந்தப் பக்கம் இறங்கி வர வேண்டாம். நீ உன் பக்கத்திலிருந்து ஏறு, நான் என் பக்கத்திலிருந்து ஏறுகிறேன். மேலே, நடுவில், மதியம். யாரும் யாரிடமும் போனதாக இருக்க வேண்டாம்.

நேரம் எழுது. புதிய புத்தகம் வந்திருக்குமே.

நேசா


நூஃபனன்,
24 ஜூன்

நேசா,

அண்ணா என்று எழுதியிருந்தாய். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்குத்தானா என்று.

புதிய புத்தகம் இருக்கிறது. நீ ஒன்பது மணி பஸ்ஸில் ரோவெரேடோவை விடு. சான் பெர்னார்டினோவில் இறங்கி அதே நிறுத்தத்தில் நில், சின்ன பஸ் உனக்காகக் காத்திருக்கும். அதற்குத்தான் அந்த பஸ்ஸே இருக்கிறது. எவ்வளவு வெயில் அடித்தாலும் கம்பளித் தொப்பி எடுத்துக்கொள். நூல் கடைக்காரி காதில் குளிர் அடித்தது என்றால் ஊர் சிரிக்கும். ஏரிக்குப் பக்கத்தில், சத்திரத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு உண்டு. முதலில் வருகிறவர் அதில் உட்கார வேண்டும். மூடுபனியாக இருந்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது, ஒருவரை ஒருவர் தேடக் கிளம்பினால் இரண்டு பேரும் தொலைந்துவிடுவோம்.

பேரிக்காய் ரொட்டி சுட்டு எடுத்து வருகிறேன். அம்மா செய்வது மாதிரி வராது, பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்.

அந்த இறக்கத்தை நினைத்து உனக்கு மனம் வராமல் போனால் வரவேண்டாம். நான் கடைசி பஸ் வரைக்கும் பெஞ்சில் இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு அங்கே பொழுது போகும்.

அண்ணன்,
லூட்ஸி


நூஃபனன், உன் சமையலறை,
12 ஜூலை

அண்ணா,

நீ எங்கே போய்த் தொலைந்தாய்?

நான் சொல்லிவிட்டுச் செய்யவில்லை, தப்புதான். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு விடிந்ததும் ஆல்டோவை எழுப்பினேன். "சத்திரத்தோட நிக்க மாட்டேன். முதல் பஸ்ல போயி, அந்தப் பக்கம் இறங்கி, வீட்டுக்கே போறேன்" என்றேன். "போயேன், யாரு தடுத்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ மேலே கிளம்புவதற்கு முன்பே உன் கதவைத் தட்டி, நீ முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சின்ன பஸ்ஸில் நான் ஒருத்திதான். இடது பக்கம் உட்கார்ந்தேன். ஓட்டுநரிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன், இளைஞன், சிரித்தான். மேலே ஏரியில் மேகம் விழுந்திருந்தது. பஞ்சுப் புல் ஆடியது. நீ அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் அப்படியே அங்கே இருந்தது. காப்பி குடித்தேன், கேக்கும் சாப்பிட்டேன். அம்மா சொன்னது சரிதான், நான் விடமாட்டேன்.

பிறகு இறக்கம். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தேன். முதல் வளைவில் ஹாரன் அடித்தது. உன் வாய் ஞாபகம் வந்துவிட்டது. தொப்பியும் கண்ணாடியுமாக நீ கட்டிலருகே உட்கார்ந்து அந்த மூன்று சுரத்தையும் கத்துவதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "என்னம்மா, வயித்து வலியா?" என்றான். இல்லப்பா, நல்லா இருக்கேன் என்றேன். மாடு ஒன்றுகூட இல்லை அண்ணா. வெறும் ரோடு. நான் அதே இடத்தில் சிரித்துக்கொண்டு இறங்கினேன்.

உன் கதவு பூட்டியிருந்தது. ட்ரெப் அம்மா சாவியோடு ஓடி வந்தாள். "விடிகாலையிலயே கோட்டு போட்டுட்டு சுரங்க பஸ்ல போயிட்டாரே! எங்கன்னு கேட்டேன். 'தங்கச்சியக் கூட்டிட்டு வரப் போறேன்'னாரு. இந்த மனுஷன் சுரங்கத்துக்குள்ள போயி நான் பாத்ததே இல்லியே!"

உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். ட்ரெப் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

மதியம் பெஞ்சுக்கு ஏறி வரலாமா என்று யோசித்தேன். நான் கிளம்பினால் நீயும் அங்கேயிருந்து கிளம்புவாய், மறுபடி ஒரு மலை நடுவில் வந்துவிடும். நகரக்கூடாது என்று நீயே எழுதியிருக்கிறாய். நகரவில்லை.

அம்மாவின் அறைக்குள் போனேன். நீ ஒன்றையும் மாற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மீதி வழியைச் சொன்னேன். "ஹின்டர்ரைன் தாண்டிட்டேம்மா. இறங்கிட்டேன். ட்ரெப் வீட்டுல நாய் குரைக்குது. கதவத் திறந்துட்டேன். வந்துட்டேம்மா." இவ்வளவுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்ல இத்தனை வருஷம்.

சமையலறைச் சுவரில் உன் போன் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் என் வீட்டு நம்பரை நானே சுற்றப்போகிறேன். எடுப்பாயோ மாட்டாயோ. நான் எத்தனை தடவை வைத்திருக்கிறேன்.

நேசா


ரோவெரேடோ, உன் சமையலறை,
12 ஜூலை

நேசா,

இதை உன் மேசைமேல் வைத்துவிட்டுப் போவேன். எப்போது போவேன் என்று தெரியவில்லை, புத்தகத்தைக்கூட எடுத்து வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நீ தனியாக அந்தப் பாதையில் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது மணி பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வர வேண்டும் என்று நினைத்தேன். அதற்குச் சுரங்க பஸ் ஒன்றுதான் நேரத்துக்கு வந்து சேரும். ஏறிவிட்டேன். உள்ளே ஒரே இருட்டு, ஜன்னலில் என் முகம் மட்டும் தெரிந்தது, ரொம்ப வயதாகிவிட்டது எனக்கு. அந்த நேரத்தில் என் தலைக்கு மேலே, மலைக்கு மேலே, நீ போய்க்கொண்டிருந்திருக்கிறாய். தெரிந்திருந்தால் நிமிர்ந்தாவது பார்த்திருப்பேன்.

ஆல்டோ பனியனோடு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து வாய் திறந்தது திறந்தபடி நின்றார். "மச்சான்! நீங்க இங்க வந்துட்டா அங்க யாரு? அவ உங்க வீட்டுக்கில்ல போயிருக்கா!" பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு. ஏழு வருஷம் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. இப்ப கிளம்புறதும் ஒரே நாள்ல!" பேரிக்காய் ரொட்டியில் பாதியை நின்றபடியே சாப்பிட்டார். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இன்னிக்குக் குண்டு உருட்டுற போட்டியில எங்க அணிக்குக் கடைசி ஆட்டம், போயே ஆகணும். நீங்க எங்கயும் நகராதீங்க, நகந்தா மறுபடி குறுக்க மறுக்கப் போயிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் நகராமல் இருக்கிறேன். உன் ஜன்னலோரம், சும்மா. கஷ்கொட்டை மரம் கண்ணாடியில் உரசுகிறது. தெருவில் இரண்டு பேர் இத்தாலியனில் சண்டை போடுகிறார்கள், பாட்டு மாதிரி இருக்கிறது. இப்ப எங்க இருப்பா என்று நானே கேட்டுக்கொள்கிறேன். கதவைத் திறந்திருப்பாள். கூடத்தில் நிற்கிறாள். அந்த அறை வாசலில் நிற்கிறாள். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கிருந்து உள்ளே போகிற வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நீ அறுபதாம் பிறந்தநாளில் அழுதுகொண்டிருந்தால் அதற்கும் நான்தான் காரணம் என்று

உன் போன் அடிக்கிறது.

ஆல்டோவுக்கு யாராவது இருக்கும். அடுத்தவர் வீட்டுப் போனை எடுப்பது முறையில்லை. நின்றுவிடும்.

நிற்கவில்லை. இந்தச் சத்தத்தை நான் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன். மூன்று நான்கு தடவை அடிக்கும், நீ எடுப்பாய், "நேசா" என்பேன், வைத்துவிடுவாய். இந்தப் பக்கம் இவ்வளவு சத்தமாக அடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்னும் அடிக்கிறது. இவ்வளவு பிடிவாதமாக அடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

எழுந்துவிட்டேன், நேசா. வைத்துவிடாதே. வருகிறேன்.